லினக்ஸ் சர்வரில் டிஸ்ட்ரோ தராத கெர்னலை நிறுவுவது எப்படி?

எந்த லினக்ஸ் சர்வரிலும் '/பூட்' கோப்புறையைத் திறந்து பார்த்தால் 'விஎம்லினஸ்' என்று தொடங்கும் ஒரு கோப்பு தென்படும். பெயரின் பின்பகுதியில் 6.12 என்பது போல ஒரு பதிப்பு எண் இருக்கும். அதுதான் கெர்னல், வன்பொருளையும் நிரல்களையும் இணைத்து இயக்கும் மையப் பகுதி. பக்கத்திலேயே அதே எண்ணைத் தாங்கிய இன்னொரு கோப்பு இருக்கும். டெபியன், உபுண்டு டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் வெளியீடுகளில்) அதன் பெயர் 'இனிட்ஆர்டி' என்று தொடங்கும். ரெட்ஹாட் வகையறாவில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று தொடங்கும். மூன்றாவது பாகம் '/லிப்/மாட்யூல்ஸ்' என்பதற்குள் அதே எண்ணில் இருக்கும் கோப்புறை. டிஸ்க், நெட்வொர்க் கார்டு, ஃபயர்வால் ஆகியவற்றுக்கான மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டுகள்) அங்கே கிடக்கின்றன.

இந்த மூன்றும் சேர்ந்தது ஒரு செட். ஒரே சர்வரில் பல செட்கள் அருகருகே இருக்கலாம், ஒன்று மற்றொன்றைத் தொடாது. எனவே புதிய கெர்னலை நிறுவினால் பழையது போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நிறுவுவதால் எதுவும் கெடுவதில்லை. ரீபூட் செய்யும்போதுதான் கெடுகிறது. புதியது எழாவிட்டால் பழையது தானாக எழுந்துகொள்ள வழி செய்துவிட்டு ரீபூட் செய்வதுதான் இதில் கற்க வேண்டிய வேலை. மற்றதெல்லாம் பேக்கேஜ் நிறுவுவது போலத்தான்.

சர்வர் எழும் வரிசையைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது எளிது. முதலில் பயாஸ் அல்லது யூஈஎஃப்ஐ, அடுத்து கிரப் என்ற பூட் லோடர். கிரப் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் ரேமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கெர்னல் விழித்ததும் இனிட்ஆர்டியை விரிக்கும். அதில் உள்ள டிஸ்க் டிரைவர்களை வைத்து, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்டிஷனைக் கண்டுபிடிக்கும். அது கிடைத்த பிறகுதான் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வந்து நெட்வொர்க்கையும், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்சையும் கிளப்பும். அதற்கு முன் எங்கே நின்றாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே காட்சிதான்: பிங் போகாது.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்படி தமிழில் உள்ளன. டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டவும்.

உண்மையிலேயே தேவையா?

டிஸ்ட்ரோ தரும் கெர்னலை விட்டு விலக நல்ல காரணங்கள் சில உண்டு. புதிய நெட்வொர்க் கார்டுக்கோ, டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு கார்டுக்கோ டிரைவர் இல்லாமல் போகலாம். நிகழ்நேரக் கணிப்புக்கான ப்ரீஎம்ப்ட் ஆர்டி 6.12இல்தான் மூலக் கெர்னலில் (டிஸ்ட்ரோக்கள் எடுத்துக்கொள்ளும் அசல் கெர்னலில்) முழுமையாகச் சேர்ந்தது. அது போன்ற ஒரு வசதி தேவைப்படலாம். உங்களைத் தொல்லை செய்யும் பிழை ஒன்று புதிய பதிப்பில் தீர்ந்திருக்கலாம். 'புதியது வேகமாக ஓடும்' என்ற எண்ணம் மட்டும் காரணமாக இருந்தால், இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எண்ணைப் பார்த்து ஏமாறுவதும் நிறைய நடக்கிறது. ரெட்ஹாட் 8இன் கெர்னல் 4.18. மூலத்தில் அது 2018இல் வந்தது. ஆனால் ரெட்ஹாட் பின்னர் வந்த எத்தனையோ திருத்தங்களையும் வசதிகளையும் அதே எண்ணுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ரெட்ஹாட் 9இன் 5.14க்கும் இதே கதைதான். ரெட்ஹாட்டை ஒட்டிக் கட்டப்படும் ஆல்மா, ராக்கி இரண்டுக்கும் இது பொருந்தும். அதனால் 'இந்த வசதி 5.19இல் வந்தது, என்னிடம் 5.14 இருக்கிறது, ஆகவே இல்லை' என்ற கணக்கு செல்லாது. '/பூட்' உள்ளே 'கான்ஃபிக்' என்று தொடங்கும் கோப்பில் அந்த வசதியின் பெயரை 'கிரெப்' கொண்டு தேடுங்கள். 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, 'எம்' என்றால் மாட்யூலாக இருக்கிறது, 'இஸ் நாட் செட்' என்றால் இல்லை. பிபிஆர் என்ற டிசிபி நெரிசல் கட்டுப்பாட்டுக்காகக் கெர்னலை மாற்றச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அது 4.9லேயே சேர்ந்துவிட்டது. இன்றைய டிஸ்ட்ரோக்களில் 'சிஸ்சிடிஎல்' அமைப்பில் இரண்டு வரி போதும்.

குறை ஒரே ஒரு டிரைவர்தான் என்றால் கெர்னலையே மாற்றுவது அதிகப்படி. ரெட்ஹாட் 8இல் பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் கார்டுகள் பலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டது. அவற்றில் பலவற்றுக்கு ஈஎல்ரெப்போ களஞ்சியம் 'கேமாட்' என்ற தனி மாட்யூல் பேக்கேஜ்களைத் தருகிறது. கெர்னல் அப்படியே இருக்கும், டிரைவர் மட்டும் சேரும். இதை முதலில் பாருங்கள்.

எங்கிருந்து எடுப்பது

மூன்று வழிகள் உண்டு. டிஸ்ட்ரோவே தரும் மாற்றுக் கெர்னல் முதல் வழி: டெபியனின் பேக்போர்ட்ஸ், உபுண்டுவின் ஹெச்டபிள்யூஈ, ஆரக்கிள் லினக்ஸின் யூஈகே. இரண்டாவது வழி வெளியார் கட்டித் தரும் பேக்கேஜ். ரெட்ஹாட் வகைக்கு ஈஎல்ரெப்போவின் 'கெர்னல்-எம்எல்', 'கெர்னல்-எல்டி' இரண்டும் இதில் பழகிய பெயர்கள். முன்னது ஆகப் புதிய நிலையான பதிப்பு, பின்னது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. கடைசி வழி, மூலத்திலிருந்து நீங்களே கம்பைல் செய்வது.

முதல் வழியில் தொடங்கி, தேவை இருந்தால் மட்டும் அடுத்ததற்கு இறங்குங்கள். பாதுகாப்புத் திருத்தம் யார் தருவார் என்பதை வைத்தே இதைச் சொல்கிறோம். மூலக் கெர்னலில் ஏறக்குறைய 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. நீண்டகால ஆதரவு இல்லாத பதிப்புக்கு, அடுத்தது வந்த சில வாரங்களில் திருத்தங்கள் நின்றுவிடும். சொந்தமாகக் கம்பைல் செய்து ஓட்டுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டைக்கும் மறுபடி கம்பைல் செய்யும் பொறுப்பு உங்களுடையது. அதைத் தொடர்ந்து செய்ய ஆள் இல்லாத இடத்தில் 6.6, 6.12 போன்ற நீண்டகாலப் பதிப்பைத் தாண்டிப் போக வேண்டாம்.

கைவைக்கும் முன்

'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்று ஓட்டிப் பாருங்கள். 'ஓபன்விஇசட்' அல்லது 'எல்எக்ஸ்சி' என்று பதில் வந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது கன்டெய்னர். ஓடுவது அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கெர்னல். உங்களால் மாற்ற முடியாது. 'கேவிஎம்', 'விஎம்வேர்', 'நன்' என்று வந்தால் முடியும். கேவிஎம்மிலும் சில நிறுவனங்கள் கெர்னலை வெளியிலிருந்தே ஏற்றுகின்றன. எல்லாம் சரியாக நிறுவி ரீபூட் செய்த பிறகும் 'யூநேம் -ஆர்' பழைய எண்ணையே காட்டுகிறதா? இது காரணமாக இருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகத்தில் உங்கள் டிஸ்கின் கிரப்பைப் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது கன்சோல், அதாவது நெட்வொர்க் வராவிட்டாலும் சர்வரின் திரையைப் பார்க்கும் வழி. நிஜ சர்வர் என்றால் ஐபிஎம்ஐ, ஐடிராக், ஐஎல்ஓ ஏதாவது ஒன்று. விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) என்றால் பிரவுசரில் திறக்கும் கன்சோல். 'இருக்கிறது' என்று தெரிந்தால் மட்டும் போதாது. இப்போதே அதன் வழியாக லாகின் செய்து பாருங்கள். கிளவுட் சர்வர்களில் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் சாவி மட்டும் இருக்கும், பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள். கன்சோல் திறந்தும் உள்ளே போக முடியாத நிலை அப்போதுதான் வரும். சீரியல் கன்சோல் என்றால் கெர்னல் அளவுருக்களில் (எழும்போது கிரப் கெர்னலுக்குத் தரும் அமைப்புகளில்) 'கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' என்று இரண்டையும் கொடுங்கள். கடைசியில் எழுதியதுதான் முதன்மைக் கன்சோல் ஆகும்.

'டிஎஃப் -ஹெச் /பூட்' கொடுத்து இடம் பாருங்கள். ஒரு செட்டுக்கு 50 முதல் 150 எம்பி வரை போகலாம். தனிப் பார்டிஷனாக 512 எம்பி ஒதுக்கிய பழைய சர்வர்களில் இது சீக்கிரம் நிரம்பிவிடும். இனிட்ஆர்டி எழுதும் நடுவில் இடம் தீர்ந்தால் பிழைச் செய்தி வரும். பல திரை நீளத்துக்கு ஓடும் வரிகளில் அதைக் கவனிக்காமல் ரீபூட் செய்தால், அரைகுறைக் கோப்போடு சர்வர் எழ முயலும்.

'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' காட்டும் பட்டியலும் முக்கியம். டிகேஎம்எஸ் என்பது வெளி மாட்யூல்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் கம்பைல் செய்து தரும் கருவி. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, என்விடியா டிரைவர் போன்றவை கெர்னலுக்கு வெளியே வளர்பவை. ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். ஓபன்இசட்எஃப்எஸ்ஸின் ஒவ்வொரு வெளியீடும் எந்தக் கெர்னல் வரை ஆதரவு என்பதைத் தன் 'மெட்டா' கோப்பில் அறிவிக்கிறது. உங்கள் தரவு இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால் அந்த எல்லைக்கு மேலான கெர்னலைத் தொடவே தொடாதீர்கள்.

செக்யூர் பூட் இயங்குகிறதா என்பதை 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' சொல்லும். இயங்கினால், ஃபர்ம்வேர் நம்பும் சாவியால் கையெழுத்திடாத கெர்னலை கிரப் ஏற்றாது. 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று திரையில் வந்து நிற்கும். டெபியன் பேக்போர்ட்ஸ் கெர்னல் கையெழுத்தோடு வருகிறது. சொந்தமாகக் கட்டியதற்கு நீங்களே சாவி உண்டாக்கி, கெர்னலில் கையெழுத்திட்டு, அந்தச் சாவியை 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் பதிய வேண்டும். அடுத்த ரீபூட்டில் தோன்றும் நீலத் திரையில் அதை உறுதிசெய்தால்தான் பதிவு முடியும். அந்தத் திரை எஸ்எஸ்ஹெச்சில் வராது, கன்சோலில் மட்டுமே வரும்.

நிறுவுதல்

டெபியன் 13இன் சொந்தக் கெர்னல் 6.12. அதைவிடப் புதியது வேண்டுமானால் ஏபிடியின் களஞ்சியப் பட்டியலில் 'டிரிக்ஸி-பேக்போர்ட்ஸ்' சேர்த்து, 'ஏபிடி அப்டேட்' ஓட்டி, பிறகு 'ஏபிடி இன்ஸ்டால் -டி டிரிக்ஸி-பேக்போர்ட்ஸ் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' கொடுங்கள். டிகேஎம்எஸ் மாட்யூல் இருந்தால் 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' பேக்கேஜையும் அதே கட்டளையில் சேர்க்க வேண்டும். ஹெட்டர் இல்லாமல் டிகேஎம்எஸ் எதையும் கம்பைல் செய்யாது. நெட்வொர்க் கார்டுக்கு ஃபர்ம்வேர் பேக்கேஜ் தேவைப்பட்டால் அதையும் பேக்போர்ட்ஸிலிருந்தே எடுங்கள். புதிய டிரைவர் சில சமயம் புதிய ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கும். பேக்போர்ட்ஸிலிருந்து எதுவும் தானாக வந்து ஏறாது. ஆனால் ஒரு பேக்கேஜை அங்கிருந்து எடுத்துவிட்டால், அதன் மேம்பாடுகள் 'ஏபிடி அப்கிரேட்' வழியே வந்துகொண்டிருக்கும்.

ஆல்மா, ராக்கியில் ஈஎல்ரெப்போவின் சாவியை இம்போர்ட் செய்து, அதன் 'ரிலீஸ்' பேக்கேஜை நிறுவிவிட்டு, 'டிஎன்எஃப் --எனேபிள்ரெப்போ=ஈஎல்ரெப்போ-கெர்னல் இன்ஸ்டால் கெர்னல்-எம்எல்' என்று கொடுத்தால் போதும். 'டிஎன்எஃப்' வழக்கமாக 3 கெர்னல்களை வைத்துக்கொண்டு பழையதை நீக்கும், ஓடிக்கொண்டிருப்பதை நீக்காது. அந்த எண்ணிக்கை 'இன்ஸ்டால்ஒன்லி_லிமிட்' என்ற அமைப்பில் இருக்கிறது.

இரண்டு வகையிலும் நிறுவி முடித்ததும், ரீபூட்டுக்கு முன், '/பூட்' உள்ளே புதிய எண்ணில் இனிட்ஆர்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதன் அளவைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பாதி அளவில் இருந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

ஒருமுறை மட்டும் எழ வைத்தல்

டெபியனில் நிறுவிய உடனே கிரப் ஆகப் புதிய பதிப்பை இயல்பாக எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டு ரீபூட் செய்தால், எழாத கெர்னலையே ஒவ்வொரு முறையும் முயன்றுகொண்டிருக்கும். நாம் விரும்புவது வேறு: இயல்புத் தேர்வு பழையதாகவே இருக்கட்டும், அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் புதியது வரட்டும்.

'/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் 'கிரப்_டிஃபால்ட்=சேவ்ட்' என்று மாற்றுங்கள். அதே கோப்பில் கெர்னல் அளவுருக்களோடு 'பேனிக்=10' சேர்த்துவிட்டு 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். பிறகு 'கிரப்-செட்-டிஃபால்ட்' கட்டளைக்குப் பழைய கெர்னலின் மெனு அடையாளத்தையும், 'கிரப்-ரீபூட்' கட்டளைக்குப் புதியதன் அடையாளத்தையும் கொடுங்கள். இதற்குப் பின்தான் ரீபூட்.

மெனுவில் எத்தனையாவது என்று எண்ணாகவும் கொடுக்க முடியும். கொடுக்காதீர்கள். இன்னொரு கெர்னல் வந்து சேர்ந்ததும் வரிசை இடம்பெயர்ந்து, நீங்கள் நினைத்தது ஒன்று, எழுவது ஒன்று என்று ஆகிவிடும். 'கிரப்.சிஎஃப்ஜி' கோப்பில் ஒவ்வொரு மெனு வரியிலும் நீளமான அடையாளப் பெயர் இருக்கும். டெபியன் பழைய கெர்னல்களைத் துணைமெனுவில் வைப்பதால், துணைமெனுவின் அடையாளம், நடுவில் '>' குறி, பிறகு கெர்னலின் அடையாளம் என்று இரண்டையும் சேர்த்துத் தர வேண்டும். 'கிரப்_டிஸேபிள்_சப்மெனு=ஒய்' என்று வைத்தால் துணைமெனு போய், வேலை சுலபமாகும். ரெட்ஹாட் வகையில் 'கிரப்பி --இன்ஃபோ=ஆல்' பட்டியல் தரும், 'கிரப்பி --செட்-டிஃபால்ட்' இயல்பை அமைக்கும், 'கிரப்2-ரீபூட்' அடுத்த ஒரு முறைக்கானது.

'பேனிக்=10' எதற்கு? கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் விழுந்தால், இயல்பாக அப்படியே உறைந்து நிற்கும். இந்த அளவுரு இருந்தால் 10 விநாடியில் தானே ரீபூட் ஆகி, பழைய கெர்னலுக்குத் திரும்பும். டெபியனில் இன்னொரு பயனும் உண்டு. ரூட் டிஸ்க் கிடைக்காவிட்டால் இனிட்ஆர்டி ஒரு சிறிய ஷெல்லைத் திறந்துவைத்துக் காத்திருக்கும். இந்த அளவுரு இருந்தால் ஷெல்லுக்குப் பதில் ரீபூட் செய்யும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஒருமுறை மட்டும்' என்ற குறிப்பு 'கிரப்என்வ்' என்ற சிறு கோப்பில் எழுதப்படுகிறது. பூட் ஆகும்போது கிரப்பே அதை அழிக்க வேண்டும். '/பூட்' எல்விஎம், மென்பொருள் ரெய்டு, பிடிஆர்எஃப்எஸ் ஆகிய டிஸ்க் அமைப்புகளில் இருந்தால் கிரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது. குறிப்பு அழியாமல், ஒவ்வொரு முறையும் புதிய கெர்னலே வரும். சாதாரணப் பார்டிஷனில் இஎக்ஸ்டி4 ஆக '/பூட்' இருக்கும் சர்வரில் மட்டும் இந்த முறையை நம்புங்கள். மற்றவற்றில் கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ரீபூட் செய்ய வேண்டும்.

கெர்னல் நன்றாக எழுந்து, நெட்வொர்க் மட்டும் வராமல் போனால் 'பேனிக்' அளவுரு உதவாது. அதற்கு ரூட் பயனரின் கிரானில் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் அமைப்பில்) '@ரீபூட்' வரி ஒன்று போடுங்கள்: 'யூநேம் -ஆர்' புதிய எண்ணைக் காட்டினால் 'ஷட்டவுன் -ஆர் +15' ஓட வேண்டும். நீங்கள் லாகின் செய்ய முடிந்தால் 'ஷட்டவுன் -சி' கொடுத்து ரத்து செய்வீர்கள். முடியாவிட்டால் 15 நிமிடத்தில் சர்வர் பழைய கெர்னலுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

எழாவிட்டால்

'விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)' என்று பேனிக் ஆனால், பெரும்பாலும் இனிட்ஆர்டி இல்லை அல்லது முழுமையாக இல்லை. பழைய கெர்னலில் எழுந்து இடத்தைக் காலி செய்து, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்பதோடு பதிப்பு எண்ணும், ரெட்ஹாட்டில் 'டிராகட் --ஃபோர்ஸ் --கேவர்' என்பதோடு எண்ணும் கொடுத்து மறுபடி உண்டாக்குங்கள். ரூட் பார்டிஷனின் 'யூயூஐடி' (அடையாள எண்) இல்லை என்று சொன்னால் இனிட்ஆர்டி வந்துவிட்டது, டிஸ்க் டிரைவர்தான் வரவில்லை. விபிஎஸ்ஸில் 'விர்ட்ஐஓ_பிஎல்கே' அல்லது 'விர்ட்ஐஓ_ஸ்கஸி', நிஜ சர்வரில் 'என்விஎம்ஈ', 'மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ்' போன்றவை உள்ளே இருக்கின்றனவா என்று 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' அல்லது 'எல்எஸ்இனிட்ஆர்டி' கொண்டு பாருங்கள்.

நெட்வொர்க் வராததற்கு ஃபர்ம்வேர் விடுபட்டது ஒரு காரணம். கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' வெளியீட்டில் அது தெரியும். இன்னொன்று பெயர் மாறுவது. டிரைவர் புதிதாகப் போர்ட் விவரம் சொல்லத் தொடங்கினால், இடைமுகப் பெயரின் கடைசியில் 'என்பி0' என்று ஒட்டிக்கொள்ளும். இன்டெலின் ஐ40ஈ டிரைவரில் இப்படி நடந்திருக்கிறது. அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டே இருக்கும். மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலைநிறுத்தும் 'லிங்க்' கோப்பு ஒன்றை '/ஈடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்' உள்ளே முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

எழுந்த பின் 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்', 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' இரண்டையும், ஃபயர்வால் விதிகளையும் கட்டாயம் பாருங்கள்.

சொந்தமாகக் கம்பைல் செய்தால்

சேவையில் இருக்கும் சர்வரில் கம்பைல் செய்ய வேண்டாம். வேறு கணினியில் கட்டி, பேக்கேஜை மட்டும் கொண்டுவாருங்கள். மூலத்தை கெர்னல் டாட் ஆர்க் தளத்திலிருந்து எடுத்து, கையெழுத்தைச் சரிபாருங்கள். கையெழுத்து விரித்த 'டார்' கோப்புக்கு உரியது. 'எக்ஸ்இசட்' கோப்பை அப்படியே கொடுத்தால் சரிபார்ப்பு தோற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் 'கான்ஃபிக்' கோப்பை மூலக் கோப்புறைக்குள் '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓட்டினால் புதிய கேள்விகளுக்கு இயல்பு விடைகள் நிரம்பும். டெபியன், உபுண்டு கான்ஃபிக்கில் 'சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ்' அவர்களுடைய சான்றிதழ்க் கோப்பைச் சுட்டலாம். அது உங்களிடம் இல்லாததால் கம்பைல் நின்றுபோகும். அதை வெற்றாக்குங்கள். 'லோக்கல்வெர்ஷன்' அமைப்பில் சொந்த ஒட்டு ஒன்றும் சேருங்கள், செட்கள் குழம்பாமல் இருக்கும். பிறகு 'மேக் -ஜே' என்பதோடு கோர் எண்ணிக்கை, கடைசியில் 'பின்டெப்-பிகேஜி'. மேல் கோப்புறையில் 'டெப்' பேக்கேஜ்கள் வந்து நிற்கும். 'டிபிஜி' என்று முடிவது பிழைத்திருத்தத்துக்கானது, சர்வருக்கு வேண்டாம்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்பதைச் சர்வருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடும். கம்பைல் வேகமாக முடியும். ஆனால் அப்போது செருகியிராத காப்பு டிஸ்கின் கோப்பு முறைமை, ஏறியிராத, ஃபயர்வாலுக்கான 'என்எஃப்டி' மாட்யூல் எல்லாம் போய்விடும். விதிகளை ஏற்ற முடியாமல் ஃபயர்வால் வெறுமையாக நிற்கும் சர்வர் இணையத்தில் திறந்து கிடக்கும். ஆனால் பிங் போகும், தளம் திறக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இடம் மிச்சப்படுத்த 'டீபக் இன்ஃபோ' என்ற பிழைத்திருத்தத் தகவலை நீக்குவோரும் உண்டு. அதோடு, கெர்னலின் தரவு வகைகளை விவரிக்கும் 'பிடிஎஃப்' தகவலும் போகும். அதை நம்பியிருக்கும் பிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) கண்காணிப்புக் கருவிகள் ஓடாது. நீக்காமல் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' செய்தால் மாட்யூல்கள் பல மடங்கு பெருத்து, இனிட்ஆர்டி '/பூட்'டை விழுங்கும்; 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்தால் சரியாகும். பேக்கேஜாகக் கட்டினால் இந்தச் சுருக்கல் தானாக நடக்கிறது.

புதியது சில நாள் ஒழுங்காக ஓடிய பிறகு 'கிரப்-செட்-டிஃபால்ட்' மூலம் அதை இயல்பாக்குங்கள். டிஸ்ட்ரோவின் கெர்னல் ஒன்று எப்போதும் டிஸ்கில் இருக்கட்டும். நீக்க நேர்ந்தால் முதலில் வேறு கெர்னலில் எழுந்துகொண்டு, பிறகு 'ஏபிடி பர்ஜ்' அல்லது 'டிஎன்எஃப் ரிமூவ்' கொடுங்கள். 'மேக் இன்ஸ்டால்' வழியாக வைத்ததற்குப் பேக்கேஜ் பதிவு கிடையாது. '/பூட்'டில் அந்த எண்ணுள்ள கோப்புகளையும் '/லிப்/மாட்யூல்ஸ்' உள்ளே அதே எண்ணுள்ள கோப்புறையையும் கையால் நீக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும்.